ஃபார்கோவில் ஒரு வியாழக்கிழமை இரவு

ரொறன்ரோவில் வாழும் என் பாடசாலை நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு சிறு பொதியை அனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு இறுவட்டுகளும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. "டிஸ்பென்சர் ஐயா வீட்டு ரேடியோவில் நாம் கேட்ட ஆள்தான். முழு இரவும் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுது" என்று மட்டுமே எழுதியிருந்தார். கேட்க ஒரு வாரம் சென்றது. எழுதத்தான் இத்தனை ஆண்டுகள் சென்றுவிட்டன. அந்தத் தாமதத்தின் காரணத்தை இக்கட்டுரையின் இறுதியில் வாசகர்கள் அறிந்துகொள்வார்கள்.

நானும் அவரும் டயகம தோட்டத்துப் பிள்ளைகள். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக பஸ் ஏறி, வளைவுகளை எண்ணி எண்ணிக் களைத்த பிறகு வரும் ஊர் எங்களுடையது. அதற்கு மேலே ஹோட்டன் சமவெளிக் காடும் மூடுபனியும்தான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது லயங்களுக்கு மின்சாரம் கிடையாது. பற்றரியில் இயங்கும் பெரிய ரேடியோ ஒன்று எங்கள் பகுதித் தோட்ட மருந்தகத்து டிஸ்பென்சர் ஐயாவின் வீட்டில் இருந்தது. மாலையில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களுக்காக வாசலில் கூட்டம் சேரும். பாடல்கள் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நாங்கள் இருவர் மாத்திரம் போகமாட்டோம். ஐயா சிற்றலையில் முள்ளை மெல்லத் திருப்பி 'அமெரிக்காவின் குரல்' நிலையத்தைப் பிடிப்பார். ஆழ்ந்த குரலில் ஒருவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலம் பேசுவார். எங்களுக்குப் பாதிகூட விளங்காது. அதற்கு முன் ஒலிக்கும் வாத்திய இசைக்காகவே காத்திருப்போம்.

அந்தக் குரலுக்கு உரியவர் வில்லிஸ் கொனோவர் என்பதையும், அவர் 1955ஆம் ஆண்டு முதல் அந்த ஜாஸ் நிகழ்ச்சியை நடத்தியவர் என்பதையும், ஆங்கிலம் தெரியாத நாட்டவருக்கும் புரியட்டும் என்றே அவ்வாறு நிறுத்தி நிறுத்திப் பேசினார் என்பதையும் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகே அறிந்தேன். முகப்பிசை டியூக் எலிங்டன் குழுவினருடையது. 'டேக் தி ஏ ட்ரெயின்' என்பது அதன் பெயர். நியூயோர்க் நகரின் அடிநிலக் கோச்சியில் ஏறிக் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமுக்குப் போகச் சொல்லும் பாட்டு. எங்களுக்கோ கோச்சி என்றால் தலவாக்கலை மேட்டில் மூச்சிரைத்து ஏறும் கரிக் கோச்சிதான். அந்த ஓசை இந்த இசையில் இருப்பதாக நண்பர் அன்றே சொன்னார். அவர் சொன்னது அத்தனை தவறல்ல.

எலிங்டன் இலங்கைக்கும் வந்திருக்கிறார். 1963ஆம் ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் அவரது குழுவை மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. டமஸ்கஸ், காபூல், டில்லி, சென்னை, கொழும்பு, டெஹ்ரான், பாக்தாத் என்று சென்ற அந்தப் பயணம், நவம்பர் மாதத்தில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதும் இடைநடுவில் கைவிடப்பட்டது. சோவியத் நாட்டோடு நடந்த பனிப்போரில் ஜாஸும் ஓர் ஆயுதம். தம் சொந்த நாட்டின் தெற்கு மாநிலங்களில் வெள்ளையருடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண இயலாத கலைஞர்களையே அந்நாடு தன் சுதந்திரத்தின் தூதர்களாக அனுப்பியது. பயணத்தின் விளைவாக 1966இல் ஒலிப்பதிவான 'ஃபார் ஈஸ்ட் சுவீட்' என்ற இசைத்தட்டில் டில்லியின் ஒரு மைனாவுக்கு ஓர் இசை உண்டு. இஸ்ஃபஹானுக்கு ஒன்று உண்டு. 'ஆக்ரா' என்றும் ஒன்று உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றுக்கு அக்ரா ஓயா என்று பெயர் என்பதால் அந்தப் பெயரை முதன்முறை பார்த்தபோது எனக்கு ஒரு கணம் மயக்கம் உண்டாயிற்று. அது தாஜ்மகால் ஆக்ராதான். இலங்கையின் பெயரில் அதில் எதுவும் இல்லை.

நண்பர் அனுப்பியது அந்தப் புகழ்பெற்ற தட்டு அல்ல. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், வட டகோட்டா மாநிலத்தில், ஃபார்கோ என்ற சிறு நகரத்தின் 'கிறிஸ்டல் போல்ரூம்' என்ற நடன மண்டபத்தில் 1940 நவம்பர் 7ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு நடந்த ஒரு நடனக் கொண்டாட்டத்தின் பதிவு அது. இசையரங்கு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாற்காலியில் அமர்ந்து தலையாட்டிக் கேட்க வந்தவர்கள் அல்லர் அவர்கள். கோதுமைக் காணிகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கந்தோர்களிலிருந்தும் குளிரில் வந்து, டிக்கட் வாங்கி, சோடி சேர்ந்து ஆட வந்த மக்கள். எலிங்டனின் குழுவுக்கு அது ஊர் ஊராகப் போய் வாசிக்கும் தொழிலில் இன்னொரு நாள். நேற்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். மறுநாட் காலை யாருக்கும் நினைவில் இருக்கவேண்டிய அவசியமே இல்லாத ஓர் இரவு.

அதே 7ஆம் திகதி அமெரிக்காவின் மேற்குக் கரையில் டக்கோமா தொங்குபாலம் காற்றில் நாடாவைப் போல நெளிந்து அறுந்து விழுந்தது. அந்தக் காட்சியை ஒரு புகைப்படக் கடைக்காரர் படம் பிடித்தார். பௌதிகவியல் வகுப்புகளில் இன்றுவரை காட்டப்படும் படம் அதுவே. ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகள் பிழைத்துக்கொண்டன, இரண்டும் அருகில் கருவியோடு யாரோ நின்றதனால். ஐந்தாம் திகதிதான் ரூஸ்வெல்ட் மூன்றாம் தடவை ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்தார். செய்தி ஆசிரியர்கள் அந்த வாரம் எதை முதற்பக்கத்தில் போட்டிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஃபார்கோ நடனம் நான் ஆசிரியபீடத்தில் இருந்திருந்தாலும் ஒரு பத்திச் செய்திக்குக் கூடத் தேறியிருக்காது.

கருவியோடு நின்ற இருவரின் பெயர்கள் ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ். தென் டகோட்டா மாநிலக் கல்லூரியில் பழகிய இளைஞர்கள். வானொலி வேலையிலும் ஜாஸ் இசையிலும் பற்றுக் கொண்டவர்கள். நாடாவில் ஒலிப்பதிவு செய்யும் முறை அந்நாளில் அவர்கள் நாட்டில் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் போன்ற பூச்சு இட்ட வெற்றுத் தட்டுகளைச் சுழலவிட்டு, ஊசியால் நேரடியாகக் கோடு கீறிப் பதியும் 'பிரெஸ்டோ' இயந்திரம் ஒன்றை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். பதினாறு அங்குல அகலத் தட்டுகள். ஒரு பக்கத்தில் சுமார் பதினைந்து நிமிடம் பதியலாம். ஒலிவாங்கிகள் மூன்று. தட்டு முடிந்தால் மாற்ற வேண்டும். மாற்றும் வரை குழு காத்திருக்காது. ஆகவே சில உருப்படிகள் நடுவில் தொடங்குகின்றன, சில முடியுமுன் அறுந்துபோகின்றன.

முன்னதாகவே அவர்கள் எலிங்டனின் நிகழ்ச்சிகளைக் கையாண்ட வில்லியம் மொரிஸ் முகவர் நிறுவனத்துக்கு எழுதி அனுமதி பெற்றிருந்தார்கள். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, சொந்த ரசனைக்கு மட்டும் என்பது நிபந்தனை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் உலகின் புகழ்பெற்ற கள்ளத் தட்டுகளில் ஒன்றாக இது திரிந்தபோது, பதிந்தவர்களையும் திருடர் கூட்டத்தில் சேர்த்துப் பேசியவர்கள் உண்டு. பதிந்த இருவரும் கேட்டுப் பெற்றே பதிந்தார்கள். திருட்டு வேறிடத்தில் நடந்தது.

அன்று மேடையில் இருந்தவர்கள் யார்? ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் எலிங்டனின் ஐம்பதாண்டு இசை வாழ்வில் 1940, 41ஆம் ஆண்டுக் குழுவையே உச்சம் என்பார்கள். அதற்கு இரு புதியவர்கள் காரணம். ஒருவர் டெனர் சாக்சபோன் வாசித்த பென் வெப்ஸ்டர். மற்றவர் இருபத்திரண்டு வயது ஜிம்மி பிளாண்டன். கொன்ட்ரபாஸ் என்ற ஆளுயர நரம்பு வாத்தியத்தை அதுவரை தாளத்துக்குத் துணையாக 'தொம் தொம்' என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாண்டன் அதைப் பாடவைத்தார். எங்கள் மேளக் கச்சேரிக்குப் பழகிய காதுகளுக்குச் சொல்வதானால், ஒத்து ஊதிக்கொண்டிருந்தவர் ஒருநாள் எழுந்து ஆலாபனை செய்ததைப் போன்ற புதுமை அது.

குழுவில் அன்று ஓர் ஓட்டையும் இருந்தது. பதினோராண்டு காலம் எலிங்டனோடு இருந்த கூட்டி வில்லியம்ஸ் என்ற எக்காளக் கலைஞர் சில நாட்களுக்கு முன்னர்தான் பென்னி குட்மனின் குழுவுக்குப் போயிருந்தார். அதை வைத்து ஓர் இசையே எழுதப்பட்டது என்றால் அந்தப் பிரிவின் பரபரப்பை ஊகித்துக்கொள்ளலாம். அவரது இடத்தில் ரே நான்ஸ் என்ற இளைஞர் சேர்ந்த புதிது. தாள்களைப் புரட்டிப் புரட்டி வாசித்திருப்பார். ஆக, உச்சத்தில் இருந்த குழுவின் முழு வலிமையும் அன்று மேடையில் இல்லை என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். பதிவைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை.

முதல் இறுவட்டைப் போட்டதும் கேட்டது இசையல்ல, இரைச்சல். மண்டபத்தின் இரைச்சல். பேச்சு, சிரிப்பு, பலகைத் தரையில் காலடிகள், எங்கோ ஒரு கூச்சல். இசைக்கூடத்துப் பதிவுகளில் இவை எதுவும் இல்லை. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களே கொள்ளும். எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டில் கேட்டு உருகிய தலைமுறை என் தந்தையாருடையது. கோயில் வீதியில் இரவிரவாக அவர் வாசித்த தோடியைக் கேட்டவர்களோ அந்தத் தட்டைக் கேட்டுச் சிரித்தார்களாம். கடலைச் செம்பில் மொண்டு வந்தது போல என்பார்கள். எலிங்டனுக்கும் அதே கதிதான். 'கோ-கோ', 'கொட்டன் டெயில்' போன்ற அவரது உன்னதங்கள் அந்த ஆண்டிலேயே மும்மூன்று நிமிடத் தட்டுகளாக வந்துவிட்டன. ஃபார்கோவில் அவை மூச்சுவிட இடம் கிடைத்தவை போல விரிகின்றன.

'ஹார்லெம் எயார் ஷாஃப்ட்' என்ற உருப்படியை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நெருக்கமாகக் கட்டப்பட்ட அடுக்குக் குடியிருப்புகளின் நடுவே காற்றுக்காக விடப்படும் இடுக்கைப் பற்றியது அது. அந்த இடுக்கின் வழியே ஒரு வீட்டின் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும், சமையல் மணக்கும், காதல் பேச்சும் ரேடியோவும் நாய்க்குரைப்பும் எல்லாம் வந்து சேரும் என்று எலிங்டனே விளக்கியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லயம் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்கள், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை, கூரை வரை எட்டாத நடுச்சுவர். முதற்காம்பிராவில் பிள்ளை இருமினால் கடைசிக் காம்பிராவில் கிழவி மல்லித்தண்ணி வைக்கச் சொல்வாள். அங்கே பருத்தி, இங்கே முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. இரண்டுக்கும் உள்ள தொலைவை நான் அறிவேன். அடிமைச் சந்தையையும் கங்காணி முறையையும் ஒன்று என்று சொல்லும் அவசரம் எனக்கில்லை. ஆனால் மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கத்து வாழ்க்கை இசையாகக் கேட்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ட்ரிக்கி சாம் நான்டன் என்ற ட்ரொம்போன் கலைஞர் தம் வாத்தியத்தின் வாயை, நீர்த்தொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணத்தால் மூடியும் திறந்தும் மனிதன் முனகுவது போன்ற ஒலியை எழுப்புவார். என் தாய்மாமன் துரை பங்களாவின் குசினியில் அப்புவுக்கு உதவியாளாக இருந்தவர். துரைமார் கூடி ஆடும் இரவுகளில் கிராமபோனில் கேட்ட எக்காளத்தை, லயத்துக்கு வந்து இரண்டு உள்ளங்கைகளையும் வாயில் குவித்து எங்களுக்கு ஊதிக்காட்டுவார். ஜாஸ் எங்கள் தோட்டத்துக்கு வந்த வழி அதுவாகத்தான் இருக்கும்: கதவுக்குப் பின்னாலிருந்து. நான்டனின் வாசிப்பைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது மாமாவின் முகமே.

இரவு முதிர முதிர ஆட்டம் சூடேறுகிறது. ஐவி அண்டர்சன் பாடுகிறார். நன்றாகப் பின்னிரவை நெருங்கும்போது பென் வெப்ஸ்டர் 'ஸ்டார் டஸ்ட்' என்ற மெல்லிசையைத் தனியாக எடுத்து வாசிக்கிறார். எலிங்டன் எழுதிய இசை அல்ல அது, எல்லாரும் அறிந்த ஜனரஞ்சகப் பாட்டு. வெப்ஸ்டரின் சாக்சபோனில் நாதத்தைவிட மூச்சு அதிகம். காற்று நாணலில் உரசிப் போவதும் கேட்கும். ஆடியவர்களில் பலர் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன், இரைச்சல் சற்றுக் குறைகிறது. அந்தப் பதிவின் பிரதி ஒன்றை வெப்ஸ்டர் பிற்காலத்தில் டவர்ஸிடமிருந்து பெற்றுப் போற்றி வைத்திருந்தார். தம் நல்ல வாசிப்பு எங்கே இருக்கிறது என்று கலைஞனுக்குத் தெரியும். காசு கொடுத்துப் பதிந்தவர்களிடம் அது இருக்கவில்லை.

பிளாண்டன் 1942 ஜூலையில் காசநோயால் இறந்தார். வயது இருபத்து மூன்று. அவர் எலிங்டனோடு வாசித்தது சுமார் இரண்டு ஆண்டுகளே. ஒரு நடன இரவில், மணிக்கணக்காக, ஆட்களின் காலடிக்கு ஈடு கொடுத்து அவர் எப்படி வாசித்தார் என்பதை அந்தக் கீறல் விழுந்த தட்டுகளே நமக்குச் சொல்கின்றன.

தட்டுகள் டவர்ஸிடமே இருந்தன. அவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வானொலிப் பிரிவில் பல காலம் பணியாற்றினார். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். யாரோ பிரதி எடுத்தார்கள், பிரதிக்குப் பிரதி எடுத்தார்கள், ஒரு கட்டத்தில் ஐரோப்பாவில் அனுமதியில்லாத இசைத்தட்டுகளாகக் கடைக்கு வந்தன. கர்நாடக இசை ரசிகர்களுக்கு இது புதிதல்ல. சபாக் கச்சேரிகளின் ஒலிநாடாக்கள் கைமாறிக் கைமாறி, எங்கோ ஒரு தொழிற்சாலை நகரத்துத் தமிழரின் அலுமாரியில் போய்ச் சேர்ந்த கதைகளை நாம் அறிவோம். ரசிகன் நகலெடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தட்டாக அச்சடித்து விற்றவனைப் பற்றி எனக்கு இரக்கமில்லை. எங்கள் தோட்டத்து மொழியில் சொன்னால், நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்கு அரைப்பேர்கூடப் போடாமல் கொழுந்தை மட்டும் நிறுத்துக்கொண்டு போகும் வேலை அது. எலிங்டனுக்கோ குழுவினருக்கோ அந்தத் தட்டுகளால் ஒரு சதமும் போயிருக்காது.

முறையான வெளியீடு 1978இல்தான் வந்தது. அமெரிக்காவின் பெரிய புத்தகக் கழகம் ஒன்று அதைத் தன் அங்கத்தவர்களுக்கு மூன்று தட்டுகளாக வெளியிட்டது. 1980இல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. எலிங்டன் 1974 மே மாதத்திலும் வெப்ஸ்டர் 1973இலும் இறந்துவிட்டார்கள். பின்னர் 2000ஆம் ஆண்டளவில், அறுபதாண்டு நிறைவை ஒட்டி டென்மார்க்கின் 'ஸ்டோரிவில்' நிறுவனம் வெளியிட்ட இரட்டை இறுவட்டுத்தான் எனக்கு வந்தது. டவர்ஸ் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து மீட்கும் பணியில் பெயர்பெற்றவராகி, 2010இல் தொண்ணூற்றாறாவது வயதில் காலமானார்.

கேட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1940ஆம் ஆண்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மலையகத்தவர்களுக்கு அது மறக்கக்கூடிய ஆண்டல்ல. ஜனவரி 10ஆம் திகதி முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டம் தோட்டமாகக் கூட்டங்களில் பாடிய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்ததும் அக்காலத்திலேதான். கணவர் பேசுமுன் மனைவி பாடுவார், பாட்டுக்கே கூட்டம் சேரும் என்று எங்கள் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாடல்களின் சொற்கள் அச்சில் இருக்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்த நாட்டார் பாடல்களும் அச்சில் இருக்கின்றன. அவர் இல்லாவிட்டால் அவையும் போயிருக்கும். ஆனால் மீனாட்சியம்மாள் எந்த இடத்தில் குரலை உயர்த்தினார், கூட்டம் எந்த அடியைத் திருப்பிப் பாடியது, யார் அழுதார்கள் என்பதை அச்சு சொல்லாது.

1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் புறப்பட்டன. தலைமன்னாருக்குச் செல்லும் அந்தக் கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலவாக்கலை மேடையில் கோச்சிக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே ஒப்பாரியை இரண்டாகப் பிரித்துப் பாடியதை நான் நின்று கேட்டேன். உள்ளே இருப்பவள் ஓர் அடி, வெளியே நிற்பவள் ஓர் அடி. கோச்சி நகர நகர அடிகளுக்கு இடையிலான தூரம் கூடும். அன்று நான் சிறு நிருபர். கையில் குறிப்புப் புத்தகம் மட்டுமே. எத்தனை குடும்பங்கள் சென்றன என்று எண்ணி எழுதினேன்.

பின்னர் கருவியும் கிடைத்தது. 1982ஆம் ஆண்டு மாசி மாதம், டயகமவில் காமன் கூத்து. அதற்குள் நான் கொழும்பில் பத்திரிகையாளனாகி, பேட்டிகளுக்கென்று கையடக்கக் கசெட் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கியிருந்தேன். ஊருக்குப் போனபோது அது தோளில் தொங்கியது. கம்பம் ஊன்றிய நாள் முதல் தோட்டமே விழித்திருக்கும். கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிவான். ரதி புலம்புவாள். ரதியாக வேடம் கட்டியவர் எங்கள் கூத்து வாத்தியார். அறுபதைத் தாண்டியவர், பகலில் கவ்வாத்து வெட்டியவர். தப்புகள் அடங்கி ஒற்றைத் தப்பு மட்டும் மெதுவாக ஒலிக்க, அவர் எடுத்த புலம்பலை நான் தொண்ணூறு நிமிடக் கசெட்டின் ஒரு பக்கம் முழுவதும் பதிந்தேன். அவரது குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டிருந்தது. அடுத்த மாதம் புறப்படப் போகிறோம் என்பது அவருக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். மன்மதனுக்காக அழுதவர்கள் யாரும் அன்று மன்மதனுக்காக அழவில்லை.

கசெட்டைக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். சில வாரங்களில் ஓர் அமைச்சரின் பத்திரிகையாளர் மாநாடு. அவசரமாக ஓடினேன். பையில் வெற்றுக் கசெட் இல்லை. இருந்ததைப் போட்டு அழுத்தினேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அமைச்சர் பேசிய செய்தி மறுநாள் நான்காம் பக்கத்தில் வந்தது. அவர் என்ன பேசினார் என்று இன்று அவருக்கே நினைவிருக்காது. இதை இத்தனை காலமும் நான் எவரிடமும் சொன்னதில்லை. ரொறன்ரோ நண்பரிடமும் சொல்லவில்லை. அந்த இரவில் தப்படித்த நால்வரில் ஒருவர் அவருடைய அண்ணன்.

ஃபார்கோ தட்டுகளைக் கேட்ட பிறகுதான் அந்தக் கசெட்டைத் தேடி எடுத்தேன். பழைய செய்தி நறுக்குகளோடு ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது. அதை ஓட்டும் கருவி என்னிடம் இல்லை. மருமகன் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து, கணினிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னான். அமைச்சரின் பேச்சை அவன் எதற்காக மாற்றவேண்டும் என்று கேட்டான். கடைசி வரை ஓடட்டும் என்றேன்.

அமைச்சர் முப்பத்தொன்பது நிமிடம் பேசியிருக்கிறார். பிறகு 'டக்' என்று ஓர் ஓசை. அதற்குப் பின் ஒற்றைத் தப்பு.

மிச்சம் இருந்தது ஐந்து நிமிடமும் சில விநாடிகளும். புலம்பலின் கடைசிப் பகுதி. நடு நடுவே ஒலி தேய்ந்து போகிறது. ஓரிடத்தில் வாத்தியாருக்கு இருமல் வருகிறது. கூட்டத்தில் ஒரு பெண் அவர் விட்ட அடியை எடுத்துப் பாடுகிறாள். அவர் இருமி முடித்து அவளோடு சேர்ந்துகொள்கிறார். தூரத்தில் நாய் குரைக்கிறது. ஒரு கைக்குழந்தை அழத் தொடங்குகிறது, நாடா முடிகிறது.

நண்பருக்கு அனுப்பினேன். முழுக் கதையையும் எழுதியே அனுப்பினேன். இரண்டு நாட்கள் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் வந்தார். திட்டவில்லை. தப்பு அண்ணனுடையதுதான் என்றார், இடதுகைக் குச்சியின் அடி சற்றுப் பிந்தி விழுவதை வைத்துத் தெரியுமாம். இப்போது அது டயகமவில் கைத்தொலைபேசிகளில் சுற்றுகிறது. நீலகிரியிலுள்ள கோத்தகிரிக்கும் போயிருக்கிறது, வாத்தியாரின் பேரப்பிள்ளைகளிடம். அடியெடுத்துப் பாடிய பெண் யார் என்பதில் எங்கள் லயத்தார் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். அந்த அழுகை தன்னுடையது என்று, இன்று நாற்பதைத் தாண்டிய மூன்று பேர் உரிமை கோருகிறார்கள்.